ஸர்மினா என்று எழுத வேண்டிய இடம்

கரீம்தாத் செய்தது மடத்தனம்தான். ஆனால் அவன் ஊர் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் அதையேதான் செய்திருப்பார்கள்.

1994இல் ரொறன்ரோ விமான நிலையத்தில் அகதி என்று சொல்லி நின்றபோது, குடிவரவு அதிகாரி மனைவியின் பெயரைக் கேட்டாள். மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தவனோ அவனைப் போலவே காந்தகார்க்காரன், முன்பின் தெரியாத ஆண். கட்டியவளின் பெயரை அவன் காதில் போடுவதா? அங்கே கலியாணக் கடுதாசியில்கூடப் பெண்ணின் பெயரைப் போடமாட்டார்கள். கலியாணமே ஆகவில்லை என்று ஒரே போடாய்ப் போட்டான். பிறகு விசாரணையிலும், பேச்சு மாறினால் பிடிபடுவோமே என்று பயந்து, சத்தியம் பண்ணி அதையே சொன்னான்.

மூன்று வருடம் ஓடிவிட்டது. மனைவி பாகிஸ்தானில், பெஷாவரில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். வசந்தத்துக்குள் விசா வராவிட்டால் காந்தகாருக்கே திருப்பிக் கூட்டிப்போய்விடுவேன் என்று அண்ணன் நிற்கிறான். அங்கே இப்போது தாலிபான் ஆட்சி. கரீம்தாத்தால் போய்ப் பார்க்கவும் முடியாது, கையில் கடவுச்சீட்டு இல்லை.

ரொறன்ரோவில் அவன் குடியிருந்த டோர்செட் பார்க்கில் எதிர்வீட்டு நவரட்ணம் தன் ஆட்கள் எட்டுப் பேரை ஸ்பொன்சர் பண்ணிக் கனடாவுக்கு எடுத்தவர். படிவம் நிரப்பித் தரக் கேட்டு அவரிடம் போனான். அவரும் பெயரைத்தான் முதலில் கேட்டார். கரீம்தாத் கதவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"ஸர்மினா."

வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொரு ஆணிடம் சொல்லிவிட்டான். காது மடல் எரிந்தது.

நவரட்ணம் அவன் கொண்டுவந்திருந்த பழைய அகதி வழக்குக் காகிதங்களைப் புரட்டினார். பேனையை மூடி வைத்தார். உடைந்த ஆங்கிலத்தில் அவர் சொன்னது நம் பேச்சில் இதுதான்: "இப்ப சொன்னா, முந்திப் பொய் சொன்னனீ எண்டு உன்ர கேசைத் தோண்டுவாங்கள். உன்னையே அனுப்பினாலும் அனுப்புவாங்கள். சொல்லாட்டி, அவவை ஒருநாளும் கூப்பிடேலாது."

மறுநாள் காலை பெஷாவரில் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தான். மறைக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லி அழுதான்.

"அந்த மொழிபெயர்ப்பாளன் முன்னால் என் பெயரைக் காப்பாற்றிவிட்டீர்கள்," என்றாள். "அண்ணன் காந்தகாருக்கு வண்டி பேசிவிட்டார். அந்தப் பெயரை நானே கொண்டுபோகிறேன்."

வைத்துவிட்டாள்.