விளக்கை அணைத்துவிட்டுச் செல்லவும்

அந்தத் தொழிற்சாலையில் எல்லோரும் அவளை 'டிகிரி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். படித்து வாங்கிய டிகிரி இல்லை, தெர்மாமீட்டர் டிகிரி. டீ எப்படி இருக்கிறது என்று கேட்டால், "அறுபது இருக்கும்" என்பாள். பிளாஸ்டிக் மூடி வார்க்கும் அச்சுகளுக்குக் குளிர்ந்த தண்ணீர் அனுப்புகிற சில்லர் மெஷினுக்கு ஒன்பது வருஷமாக அவள்தான் ஆபரேட்டர்.

கெட்டிக்கார மெஷின். திரும்பி வரும் தண்ணீர் சூடாக இருந்தால் தானே நூறு சதவீதத்துக்கு ஏறி இழுக்கும். வேலை குறைந்தால் தானே இருபத்தைந்துக்கு இறங்கிக்கொள்ளும். பசிக்கு மேல் ஒரு வாய் சாப்பிடாத ஜன்மம். எண்ணெய் விஷயத்தில் மட்டும் ரொம்பக் கறார். ஓடும்போது எண்ணெய் கொதித்துவிடாமல் ஒரு வால்வு பார்த்துக்கொள்ளும், நிற்கும்போது ஆறிவிடாமல் ஒரு ஹீட்டர். குளிர வைக்கிற மெஷினுக்கு ஹீட்டரா என்று சிரிக்காதவர்கள் இல்லை. ஆனால் எண்ணெய் ஆறினால் உள்ளே இருக்கும் கேஸ் அதில் கரைந்துவிடும். அப்படியே ஓட்டினால் எண்ணெய் சோப்பு நுரையாகப் பொங்கி, கம்ப்ரசர் காய்ந்து இறுகிப் போகும். அதனால் எண்ணெய் நாற்பது டிகிரிக்குக் கீழே இருந்தால் மெஷின் ஸ்டார்ட்டே ஆகாது.

நாலு திங்கட்கிழமையாக அது ஸ்டார்ட் ஆகவில்லை.

மற்ற நாட்களில் இரவும் பகலும் ஓடும்; ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. திங்கள் காலை அவள் வந்து, லைட்டைப் போட்டு, எண்ணெயைப் பார்த்தால் இருபத்தாறு டிகிரி. ஹீட்டரோ, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி சிவப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டு வேலை செய்கிறது. மீட்டர் வைத்துப் பார்த்தாலும் கரண்ட் சரியாக ஓடுகிறது. எண்ணெய் நாற்பதைத் தொட மத்தியானம் ஆகிவிடும். அதுவரை அறுபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

"ஹீட்டர் லைனை மாத்தினது உங்க கொழுந்தன்தானே?" என்றார் மேனேஜர். "அடுத்த திங்களும் இதே கதைன்னா நான் வேற எலக்ட்ரீஷியனைப் பாத்துக்கறேன்."

கணவனின் தம்பியை அந்த வேலைக்குச் சொல்லிச் சேர்த்தவளே அவள்தான். ஆறு மாதம் தற்காலிகம். இந்த மாதம் நிரந்தரம் ஆக வேண்டியவன். இரண்டு பேரும் ஒரே வீடு, ஒரே சமையல்.

"சனிக்கிழமை சாயங்காலம் பிரேக்கரை எல்லாம் இறக்கறது நீதானே தம்பி? ஹீட்டரையும் சேர்த்து இறக்கிட்டு, காலையில வந்து ஏத்தி வைக்கறியா?"

"அதை நான் தொட்டதே இல்ல அண்ணி. கடைசியா ரூமைப் பூட்டறது நீங்கதானே?"

அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இரண்டு நாள் இருவரும் முகம் பார்க்காமல் சாப்பிட்டார்கள். கோபம் ஒரு பக்கம். அதைவிட ஒரு கேள்விதான் அவளைக் குடைந்தது. ஹீட்டர் வேலை செய்கிறது, எண்ணெய் சூடாகவில்லை. அப்படியென்றால் சூடு எங்கே போகிறது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மார்க்கெட்டுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு, வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக்கொண்டு மெஷின் ரூமுக்குப் போனாள். எவனோ வந்து ஹீட்டரில் கை வைக்கிறான், அவனைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு. கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் திருடன் உஷாராகிவிடுவான் அல்லவா? லைட்டைப் போடாமல், பம்புக்குப் பின்னால் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.

எண்ணெய்த் தொட்டியைத் தொட்டாள். பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. ஹீட்டர் பிரேக்கரைத் தடவினாள். மேலேதான் இருந்தது, யாரும் இறக்கவில்லை. ஆனால் சிவப்பு விளக்கு எரியவில்லை.

ஒரு மணி நேரம் காத்திருந்தாள். ஒரு பல்லியைத் தவிர யாரும் வரவில்லை. சரி, எத்தனை டிகிரி என்றாவது பார்ப்போம் என்று எழுந்துபோய் லைட் சுவிட்சைத் தட்டினாள்.

முதுகுக்குப் பின்னால் பேனலில் 'டக்' என்றது. திரும்பினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

அணைத்தாள். டக். அதுவும் அணைந்தது. போட்டாள், எரிந்தது. சின்னப் பிள்ளை மாதிரி ஏழெட்டுத் தடவை போட்டுப் போட்டு அணைத்தாள். ஹீட்டரைச் சோதிக்க வந்தவர்கள் அத்தனை பேரும் முதல் காரியமாக லைட்டைப் போட்டார்கள். பிறகு எப்படித் தெரியும்?

சுவிட்சுக்கு மேலே, குண்டு குண்டாக அவள் கையெழுத்திலேயே ஸ்டிக்கர்: 'விளக்கை அணைத்துவிட்டுச் செல்லவும்.' ஐந்து வாரம் முன்பு, மின்சாரச் சிக்கன வாரத்தில் ஒட்டியது. அதற்கு அவளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு வேறு.

அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன்பு, பழைய ஹீட்டர் லைன் கருகிய அன்று கொழுந்தன் கேட்டான், "லைட் லைன்லேர்ந்தா குடுக்கறது அண்ணி?" என்று. "அது எப்பவும் எரியற லைட்டுதானே, குடு. பிறகு மாத்திக்கலாம்" என்று அவசரப்படுத்தியது அவள்தான். பிறகு இரண்டு பேருமே மறந்துபோனார்கள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இங்கே சுடாமல் போனதுதான் வினை.

லைட்டை எரியவிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நாளை மெஷின் ஓடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. அந்த நினைப்பு வராமல் இல்லை. ஆனால் பழி அவன் பேரில் ஒட்டிக்கொண்டே இருக்குமே. போனை எடுத்தாள்.

"தம்பி, டெஸ்டரை எடுத்துக்கிட்டு மெஷின் ரூமுக்கு வா."

"மார்க்கெட் போறேன்னீங்க?"

"திருடனைப் பிடிச்சுட்டேன். வந்து பாரு."

வந்தான். அவள் சுவிட்சைப் போட்டு அணைத்துக் காட்டியதும் அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நாலு வாரமா உங்களைத்தான் சந்தேகப்பட்டேன் அண்ணி."

"நான் மட்டும் என்ன, உன்னைக் கும்பிட்டுக்கிட்டா இருந்தேன்?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அப்போதே ஹீட்டருக்குத் தனி லைன் இழுத்தான்.

திங்கள் காலை ஆறு மணிக்கே மேனேஜர் வந்து நின்றார். கொழுந்தன் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "தப்பு என்னுது சார். லைட் லைன்ல குடுக்கச் சொன்னதும் நான், வாராவாரம் லைட்டை அணைச்சதும் நான்." முழுக்கதையையும் சொன்னாள்.

மேனேஜர் ஸ்டிக்கரைப் பார்த்தார். "இதுக்குக் கடிகாரம் குடுத்தது நான்தானே" என்றார். பிறகு லைட்டை அணைத்தார்.

ரூம் இருண்டது. பேனலில் சிவப்பு விளக்கு மட்டும் அப்படியே எரிந்தது.

"தம்பியோட பர்மனென்ட் ஆர்டர்ல இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடறேன்" என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. "ஸ்டிக்கர் இருக்கட்டும்."

அவளுக்குக் கண் கலங்கியது. இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

"எத்தனை டிகிரி அண்ணி?" என்று கேட்டான் அவன்.

தொட்டியில் உள்ளங்கையை வைத்தாள். "ஐம்பத்திரண்டு."

லைட்டைப் போட்டுப் பார்த்தார்கள். ஐம்பத்தொன்றுதான் இருந்தது. அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.