தானாக வராத கையுறை

தாதியர் பயிற்சிக்கான அந்தப் பெரிய மெய்நிகர்க் கண்ணாடியைத் தலையில் மாட்டினால் ஆரணிக்கு வேறு உலகம். அங்கே ஒரு வார்ட். எப்போது போனாலும் பின்னேர வெயில். காற்றே இல்லாமல் திரைச்சீலை ஆடும். கட்டிலில் காற்புண்ணோடு ஒருவர் கிடப்பார். முனகமாட்டார், முகம் சுளிக்கமாட்டார். இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே உயர்த்தினால் போதும், கையுறை தானாக வந்து மாட்டிக்கொள்ளும். பழைய கட்டு தொட்டதும் கழலும். தண்ணீருக்குள் நடப்பவள்போல மிதந்து மிதந்து மருந்து கட்டுவாள். நூற்றுக்கு நூறு! சொர்க்கத்தில்கூட இவ்வளவு சுத்தமான புண் கிடைக்காது.

உண்மையான புண்ணைக் கண்டால்தான் கை உதறும். தாதியர் பரீட்சையில் இரண்டு தரம் தோற்றாயிற்று. இன்றும் கோட்டை விட்டால் நாளைக்கே பெட்டி கட்டவேண்டியதுதான். அந்தப் பயத்தில் காலையிலிருந்து நாலு தரம் கண்ணாடிக்குள் போய்வந்தாள். ஐந்தாம் தரம் போகுமுன் பரீட்சகர் மீனாம்பிகை சிஸ்டர் வந்து வார்ட்டுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே செபநாயகம் படுத்திருந்தார். கொழும்புத்துறைக் கடலில் திருக்கை மீனின் முள் காலில் ஏறி, இரத்தத்தில் சீனி கூடும் வருத்தமும் சேர்ந்து, புண் ஆறாமல் இரண்டு கிழமை.

ஆரணிக்கு இன்னும் கனவு கலையவில்லை. கட்டிலருகே போய், இரண்டு கைகளையும் உயர்த்தி, கையுறைக்காகக் காத்து நின்றாள்.

“என்ன பிள்ளை, கும்பிடுறாய்? என்ரை கால் அவ்வளவு மோசமோ?”

வார்ட்டே சிரித்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, பெட்டியிலிருந்து கையுறையை இழுத்து மாட்டினாள். பதற்றத்தில் பழைய கட்டை நனைக்காமலே உரித்தாள். அது புண்ணோடு ஒட்டிக் கிடந்தது.

“ஐயோ, அம்மா!”

அவள் கை அப்படியே நின்றது. அந்த உலகத்தில் யாரும் கத்தியதில்லை.

“நொந்துபோச்சோ ஐயா?”

“நோகாமல்?”

சேலைன் உப்புநீரை மெல்ல ஊற்றினாள். குதிக்காலைக் கையில் தாங்கிக்கொண்டு, துணி ஊறும்வரை இருந்தாள்.

“இப்ப எடுக்கட்டோ?”

“பொறு... ம், எடு.”

ஒவ்வொரு தரமும் கேட்டாள். ஒவ்வொரு தரமும் அந்த “ம்” வரும்வரை காத்திருந்தாள். வெளியே பஸ் ஹோர்ன் எங்கேயோ தூரத்தில் கேட்டது. வார்ட்டில் அவளும் அந்தக் காலும் மட்டும் இருப்பதுபோல இருந்தது. புதுக் கட்டும் போட்டு முடித்தாள். கை உதறல் எப்போது நின்றதென்று அவளுக்கே தெரியாது.

“இருவது நிமிச வேலைக்கு முக்கால் மணித்தியாலம்,” என்று சொல்லி, சிஸ்டர் புள்ளி போடப் பேனையைத் திறந்தார். ஆரணி மனசுக்குள் பெட்டி கட்டத் தொடங்கினாள்.

“சிஸ்டர், நான் கத்தாத நாளில்லை,” என்றார் செபநாயகம். “கத்தினவுடனை கையை நிப்பாட்டினது இந்தப் பிள்ளை ஒண்டுதான்.”

சிஸ்டர் அவருடைய காலைக் குனிந்து பார்த்துவிட்டு, புள்ளியைப் போட்டுப் பேனையை மூடினார்.

“ஆரணி, நாளைக்கு எட்டு மணிக்கு வா. ஐயாவுக்கு நீதான் மருந்து கட்டுறாய்.”