ஆணி வைத்த டயர்

டயர் பற்றி மகள் மதிவதனி முதன்முதலில் பேச்செடுத்தபோது, செல்வநாயகியின் கையில் ஈர ஸ்பாஞ்சும் மடியில் பாதி துடைத்த அகலும் இருந்தன. கார்த்திகைக்குப் போகவேண்டிய பீங்கான் அகல்கள். அச்சிலிருந்து எடுத்ததும் ஓரத்தில் நிற்கிற பிசிறை வழித்துத் துடைத்துக் காயவைத்தால்தான் சூளை ஏறும். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் அவள் வருஷக்கணக்காகப் பார்க்கிற வேலை அது. காலையில் அவள் பட்டறையில் வந்து உட்காருகிற நேரம் கனடாவில் சாயங்காலம். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை முடிந்து காரில் வீடு திரும்பும்போது மகள் கூப்பிடுவாள். போனைக் கையில் பிடிக்க வேண்டாம், காரே பேசும் என்று சொல்லியிருந்தாள்.

பாதி பெட்ரோலிலும் பாதி பேட்டரியிலும் ஓடுகிற சின்ன ஹைபிரிட் கார் அது. மருமகன் நந்தகுமார் ஆசைப்பட்டு வாங்கியது. போன பங்குனியில், வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவேயில்லை. உடம்பு ஊருக்கு வந்தது. மகளும் கூடவே வந்தாள். காரியம் முடிந்த கையோடு திரும்பிப் போய்விட்டாள். பிள்ளைகுட்டி இல்லை. அங்கே யார் இருக்காங்கன்னு போறே என்று செல்வநாயகி கேட்டதற்கு, இங்க மட்டும் அவரு இருக்காராம்மா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

அந்த வயிற்றெரிச்சலோடுதான் ஆனி மாசத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டினாள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிற மாதிரி முருகனிடம் மனு எழுதிக் கொடுத்து, முனியப்பர் சன்னிதி வேலில் கட்டிவிட்டு வருவது அந்தப் பக்கத்து வழக்கம். களவு போன நகையிலிருந்து ஓடிப்போன புருஷன் வரைக்கும் அங்கே பிராது உண்டு. வேண்டியது நடந்ததும் போய் வாபஸ் வாங்க வேண்டும். அதுவரைக்கும் சாமி அந்த வழக்கை விடமாட்டார். மனு எழுதுகிறவர் யார் மேல் பிராது என்று கேட்டார். செல்வநாயகி விழிக்க, கூட வந்த பட்டறைத் தோழி அம்சவல்லிதான் கனடா மேலன்னு எழுதுங்க என்றாள். அவர் சிரிக்கவில்லை. செல்வநாயகி சொல்லச் சொல்ல எழுதினார். என் மகள் மதிவதனியை எப்படியாவது ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எப்படியாவது என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள் என்று அவள் இரண்டு தடவை சொன்னாள்.

அப்புறம் ஐப்பசி பிறந்தது. மகள் டயர் என்றாள்.

அங்கே குளிர்காலத்துக்குத் தனி டயராம். ஒவ்வொரு வருஷமும் நந்தகுமாரே அதை மாட்டுவாராம், இவள் பக்கத்தில் நின்று சக்கரத்து நட்டுகளைக் கையில் வாங்கிப் பிடித்துக்கொள்வாளாம். அவர் மாட்டிய அந்தப் பழைய டயர்கள் கிடங்கறையில் அடுக்கிக் கிடக்கின்றன. ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டியதில், கடைக்காரன் நகத்தால் அழுத்திப் பார்த்து, ரப்பர் செத்துப்போச்சு, இனி ஆகாது என்று சொல்லிவிட்டான். புதுசு வாங்க வேண்டும். அதில் இரண்டு தினுசு, ஆணி பதித்தது ஒன்று, ஆணி இல்லாதது ஒன்று. எது வாங்கறதுன்னு தெரியல, அவரு இருந்தா அவரே பாத்துக்குவாரு, நீ ஒண்ணு சொல்லும்மா என்றாள். கடைசிச் சொல்லில் அவள் குரல் சின்னப் பிள்ளைக் குரலாக இருந்தது.

செல்வநாயகி கேட்ட கேள்வி ஒன்றுதான். அந்த டயரு எத்தனி நாளு வரும்?

நாலஞ்சு குளிர்காலம் வரும்மா என்றாள் மகள்.

நாலஞ்சு குளிர்காலம். அகலைத் துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது. டயர் வாங்கினால் மகள் நாலைந்து வருஷத்துக்கு இந்தப் பக்கம் திரும்ப மாட்டாள். வாங்காவிட்டால்? பனி கொட்டும், வண்டி எடுக்க முடியாது, வேலைக்குப் போக முடியாது, தனியாக அறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தானே டிக்கெட் போடுவாள். சாமி வழி காட்டுகிறார் என்றுதான் செல்வநாயகி நினைத்தாள்.

நாள் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். இவர்கள் வீட்டில் சைக்கிள் வாங்கினாலும் நாள் பார்ப்பதுதான், மகளுக்கு அது விசித்திரமாகப் படவில்லை. முதலில் அமாவாசை போகட்டும் என்றாள். அமாவாசை போனதும், ஆணி இருக்கிறதே, இரும்பைச் சனிக்கிழமையில் வாங்கக்கூடாது என்றாள். மற்ற கிழமைகளில் மகளுக்கு வேலை. அடுத்த வாரம் ஒரு கரிநாள் அகப்பட்டது. பக்கத்தில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்த அம்சவல்லி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"டயருக்கு முகூர்த்தம் பாத்த மொத ஆளு நீங்கதாங்க்கா. இன்னும் பத்திரிகை அடிக்கறதுதான் பாக்கி" என்றாள்.

டயர் என்றால் வண்டிக்கு அடியில் இருப்பது, மழைக்குக் குடை மாதிரி பனிக்கு ஒரு சௌகரியம், அவ்வளவுதான் செல்வநாயகி மனதில். பேட்டைக்குள் போகிற ஆட்டோக்களெல்லாம் கோடு அழிந்து வழவழவென்று ஆன டயரில்தான் வருஷம் முழுக்க ஓடுகின்றன.

அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் போன் வந்தது. எடுத்ததும் மூச்சு மட்டும் வந்தது.

"பாப்பா?"

"அம்மா, இன்னிக்கி மொத பனி கொட்டிச்சும்மா."

மெதுவாகத்தான் வந்தாளாம். நாலுமுக்கு ரோட்டில் சிவப்பு விளக்கைப் பார்த்துப் பிரேக் போட்டிருக்கிறாள். வண்டி நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் தன்பாட்டுக்குப் போய், நடு ரோட்டில் அரைவட்டம் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றிருக்கிறது. எதிரே எதுவும் வரவில்லை. அடி ஒன்றும் படவில்லை. இப்போது ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"பிரேக்க அமுக்கறேன், வண்டி என் பேச்சக் கேக்கவே இல்லம்மா. யாரோ புடிச்சுக் கொண்டுபோற மாதிரி இருந்துச்சு. நீ நாள் சொல்லுவன்னு இருந்தேன்."

யாரோ பிடித்துக் கொண்டுபோகிற மாதிரி. எப்படியாவது என்று எழுதிக் கொடுத்தது யார்? மருமகனும் ஊருக்கு வந்து சேர்ந்தான்தானே, பெட்டியில்.

அன்றைக்குத்தான் முதன்முறையாக அவள் சரியாகக் கேட்டாள், அந்த டயர் அப்படி என்னதான் செய்யும் என்று. மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். குளிர் ஏறினால் சாதா டயரின் ரப்பர் கல்லாகிவிடும், பனியைப் பிடிக்காது. குளிர்கால டயரின் ரப்பர் எவ்வளவு குளிரிலும் மெத்தென்று இருக்கும், ஒட்டிப் பிடிக்கும். பனி இறுகிக் கண்ணாடியாக ஆன ரோட்டில் ஆணி பதித்தது இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஆணி சத்தம் போடும். இது பேட்டரி வண்டி, சத்தமில்லாமல் போவது, அதனால் ஆணிச் சத்தம் உள்ளே இன்னும் பெரிசாகக் கேட்கும் என்று கடைக்காரன் சொல்கிறான்.

எதிரே பலகையில் நேற்றுக் காய்ந்த அகலும் இன்று எடுத்த ஈர அகலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. செல்வநாயகி தன்னையறியாமல் பலகையின் ஒரு முனையைத் தூக்கினாள். ஈர அகல் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. காய்ந்தது சர்ரென்று சரிந்து கீழே விழுந்து மாவாக நொறுங்கியது.

"என்னாம்மா சத்தம்?"

"ஒண்ணுமில்ல. பாப்பா, வண்டிக்குள்ள சத்தமே இருக்காதுன்னியே, தனியாவா ஓட்டிக்கிட்டு வர?"

"தனியாத்தாம்மா. உங்கிட்ட பேசிக்கிட்டு வருவேன். நீ வெச்சுட்டா அப்புறம் ஒண்ணும் கேக்காது."

"அப்ப ஆணி வெச்சதே வாங்கு. கரகரன்னு சத்தம் வந்தா வரட்டும். கூட ஒரு ஆளு இருக்கற மாதிரி இருக்கும்."

மகள் நாள் கேட்டாள். நாளைக்குச் சனிக்கிழமை ஆச்சேம்மா, இரும்பு ஆச்சே என்றாள்.

"சனியுமில்ல, மண்ணுமில்ல. இப்ப அந்த வண்டிய அங்கியே வுட்டுட்டு டாக்சில வூட்டுக்குப் போ. விடிஞ்சதும் போயி நாலு டயரையும் மாட்டு. நல்லதா வாங்கு. நாலஞ்சு குளிர்காலம் என்ன, அதுக்கு மேலயும் வர்றதாப் பாத்து வாங்கு."

"அவரு டயர என்னா பண்றதும்மா?"

"இருக்கட்டும். உனக்கா எப்ப மனசு வருதோ அப்பப் பாத்துக்கலாம்."

போனை வைத்தவள் முகம் கழுவிக்கொண்டு, மேஸ்திரியிடம் அரைநாள் சொல்லிவிட்டு, மழையோடு கிளம்பினாள். அம்சவல்லி கேட்காமலே கூட வந்தாள். இருவரும் மணவாளநல்லூர் போய்ச் சேர்ந்தார்கள். கோயிலில் கூட்டமில்லை. வேலில் கட்டியிருந்த காகிதங்கள் மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அதில் எது தன்னுடையது என்று தெரியவில்லை.

பிராதை வாபஸ் வாங்க வந்திருக்கிறேன் என்றாள். அங்கிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். வேண்டுனது நடந்துச்சாம்மா என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

அம்சவல்லி செல்வநாயகியின் முழங்கையைப் பிடித்தாள்.

"ஆச்சுங்க" என்றாள் செல்வநாயகி.

சன்னிதியில் போய் நின்றாள். நான் கேட்டதை விட்டுவிடு, அவளைப் பிடித்து இழுக்காதே, இருக்கிற இடத்தில் இருந்துகொள்ளட்டும் என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. வேண்டுதல் பலித்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எண்ணிப் பூசாரி கை நிறையத் திருநீறு கொடுத்தார். அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. அகல்களை வெளியே பரப்பிக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். டயர் மாட்டியாயிற்று, வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது, இன்றைக்கு வார்டில் நிற்க நேரமில்லை, பேசத் தெம்பில்லை என்றாள். பேச வேணாம், சும்மா போட்டு வை என்றாள் செல்வநாயகி.

போனைச் சத்தமாக வைத்து அகல்களுக்கு நடுவில் தரையில் வைத்தாள். கரகரகரவென்று, சோளம் அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. அம்சவல்லி காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, என்னாக்கா அது என்றாள்.

செல்வநாயகி ஓர் அகலை எடுத்து வெயில் படும்படி திருப்பி வைத்தாள்.

"எம்பொண்ணு வூட்டுக்குப் போறா" என்றாள்.