கீழ்வீட்டுச் சூடு

எங்கள் வீட்டில் பதினாறு டிகிரி. காலையில் எழுந்ததும் என் கணவன் தில்மான் வெப்பமானியைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வான். பிள்ளை வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்கிற அப்பாவின் குரல்.

"பதினாறு, ஸ்வென்யா! ஹீட்டரே இல்லாம!"

"கேட்டுது," என்பேன், போர்வைக்குள்ளிருந்து.

ஹீட்டரைத் திறக்காத மூன்றாவது குளிர்காலம் அது. அவன் மட்டும் எடுத்த முடிவு அல்ல. இருவரும் சேர்ந்து எடுத்தது. எங்களுக்குக் கார் கிடையாது. விமானம் ஏறுவதில்லை. எங்கள் ஜெர்மன் ஊரான டூபிங்கனில் வேண்டாத சாமான்களைப் பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிடுவார்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் தட்டுகள், அலமாரி, விளக்கு எல்லாம் அப்படி வந்தவை. நாங்கள் ஏழைகள் அல்ல. நான் இசைப் பள்ளியில் செல்லோ சொல்லித்தருகிறேன். அவனுக்கு நகராட்சியில் வேலை. எதை எரிக்கிறோம், எதை எறிகிறோம் என்று பார்த்து வாழ்ந்தோம். காசு தானாக மிஞ்சியது. அப்படித்தான் சொல்லிக்கொண்டோம்.

மிஞ்சிய காசுக்கு ஒரு இடம் இருந்தது. பழைய சரக்கு ரயில் நிலையம் இருந்த இடத்தில் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு அடுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரர் இல்லாத வீடு. வாடகை ஏறாத வீடு. மே மாதம் குடிபோக வேண்டும். கடைசிப் பங்குத் தொகையை மார்ச்சுக்குள் கட்ட வேண்டும். அது எங்கள் கையில் சரியாக இருந்தது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. கட்டாதவர் இடத்துக்கு நான்கு குடும்பங்கள் காத்திருந்தன. நான் ஜன்னல்கூடப் பார்த்து வைத்திருந்தேன். அதன் அருகில் உட்கார்ந்து வாசிக்க நாற்காலி போடும் இடத்தையும்.

அந்தக் குடும்பங்களின் கூட்டத்தில் தில்மான் ஹீட்டர் இல்லாத வாழ்க்கையைப் பற்றிப் பேசினான். நீளமாகப் பேசினான். பொருளாளர் ரூடிகர் கை தட்டினார். "புது வீட்டுல நீதான்யா எங்களுக்கு வாத்தியார்," என்றார். தில்மானின் முகம் சிவந்தது. அந்தக் குளிர்காலத்தில் அவன் உடம்பில் சூடு ஏறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஜனவரியில், மாதாமாதம் கட்டிய முன்பணத்தைக் கழித்து, சூட்டுக்கான வருடாந்திர பில் வந்தது.

அந்த வாரம் மாடிப்படி துடைக்கும் முறை எங்களுடையது. எங்கள் கதவில் அட்டை தொங்கியது. அட்டை தொங்கினால் துடைத்தாக வேண்டும், காய்ச்சல் என்றாலும். தில்மான் துடைத்துக்கொண்டிருந்தான். நான் வாளியோடு பின்னால் நின்றேன். கீழ்வீட்டு அம்மா, ஃப்ராவ் போஸ்லர், கதவைத் திறந்தார். நகர நீச்சல் குளத்தில் காவல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஈரத்தரையில் ஓடாதே என்று பிள்ளைகளைப் பார்த்து ஆயுள் முழுக்கக் கத்திய குரல் அப்படியே இருந்தது.

"ஹெர் லோரென்ஸ், அந்த மூலைய விட்டுட்டீங்க," என்றார் தில்மானிடம்.

"அங்கயும் துடைச்சாச்சு."

"அப்ப அழுக்குக்கு அது தெரியல போல. சரி, பில் வந்துச்சா?"

"வந்துச்சு. எங்களுக்குத் திருப்பித் தர்றாங்க." அதைச் சொல்லாமல் இருக்க அவனால் முடியவில்லை.

"எனக்கு மேல கட்டச் சொல்றாங்க. அதே வீடு, அதே ஆளு, அதே ஹீட்டர். ஏன் ஏறுதுன்னு மண்டைய உடைச்சுக்கிட்டேன். இப்பத்தான் புரியுது. என் தலைக்கு மேல நீங்க ஐஸ் பெட்டி வச்சிருக்கீங்க. நான் எரிக்கிறதெல்லாம் உங்க வீட்டுக்கு வந்துருது."

"சூடு மேல போறது இயற்கை, ஃப்ராவ் போஸ்லர்."

"பில்லு கீழ வர்றதும் இயற்கையா?"

நான் வாளியைப் பார்த்தேன். சிரித்தால் தில்மான் அப்புறம் என்னோடு பேசமாட்டான்.

"நீங்க இருபத்துநாலுல வச்சிருக்கீங்க," என்றான். "யாருக்குங்க அவ்வளவு சூடு வேணும்? பூமியைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. அதுக்காகத்தான் நாங்க..."

"பூமிய விடுங்க. உங்களுக்குக் கீழ முதல்ல நான் இருக்கேன்."

அவன் வாய் திறந்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நல்லது. இன்னைலேருந்து நானும் பூமியைக் காப்பாத்துறேன்."

கதவு மூடியது. உள்ளே ஒவ்வொரு அறையாக ஹீட்டரை மூடுவது கேட்டது. நாங்கள் கேட்க வேண்டும் என்றே மூடினார்.

மறுநாளிலிருந்து அவர் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு நீச்சல் குளத்துக்குப் போனார். பழைய ஊழியருக்குக் கட்டணம் இல்லை. இருட்டிய பிறகுதான் திரும்பினார். கன்னம் சிவந்து, தலைமுடி ஈரமாக.

எங்கள் வீடு பதினான்கானது. பிறகு பன்னிரண்டு. வாரம் முடிவதற்குள் பத்து.

"வெளிய குளிர் ஜாஸ்தி," என்றான் தில்மான்.

வெளியே பனி உருகிக்கொண்டிருந்தது. அவனுக்கும் தெரியும். இரண்டாவது குல்லாயைப் போட்டுக்கொண்டான்.

"எத்தனை நாள் தாங்குறாங்கன்னு பாக்கலாம்."

"அவங்க எதைத் தாங்கணும்? வெந்நீர்ல உக்காந்திருக்காங்க."

என் விரல்கள் மடங்கவில்லை. வீட்டில் வாசிப்பதை நிறுத்தினேன். வகுப்புக்குச் சீக்கிரம் போய்ப் பள்ளியின் சூட்டில் வாசித்தேன். ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன்.

"ஒரு ரூம்ல மட்டும் திறப்போம். சாயங்காலம் மட்டும்."

"இப்ப திறந்தா அவங்க சொன்னது சரின்னு ஆயிடும்."

"சரிதானே?"

அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவினான். வெண்ணெய் கல்லாக இருந்தது, ரொட்டி கிழிந்தது. கிழிந்ததைத் திட்டினான். பூமிக்காகத் தொடங்கியது இப்போது ஃப்ராவ் போஸ்லருக்கு எதிராக நடந்துகொண்டிருந்தது. அதை அவனிடம் சொன்னேன். நான் பின்வாங்குவதாகக் குற்றம் சாட்டினான். எதிலிருந்து என்று கேட்டேன். போர்வையை இன்னும் இறுக்கினான்.

சனிக்கிழமை நான் துண்டை எடுத்துக்கொண்டு நீச்சல் குளத்துக்குப் போனேன். டிக்கெட் வாங்கினேன். அவசியம் இல்லாமல் நான் செலவழித்து நெடுநாளாகியிருந்தது. ஃப்ராவ் போஸ்லர் சின்னக் குளத்தின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

"ஓடி வந்துட்டீங்களா?"

"நடந்துதான் வந்தேன். இங்க ஓடக் கூடாதுன்னு போட்டிருக்கு."

சிரித்தார். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாலையில் சேர்ந்தே திரும்பினோம்.

மாடிப்படியிலேயே குளோரின் நெடி அடித்தது. ஃப்ராவ் போஸ்லர் நின்றார்.

"என்ன இது? நான் இன்னும் குளத்துலேருந்து கிளம்பலையா?"

நெடி எங்கள் வீட்டிலிருந்து வந்தது. நான் கதவைத் திறந்தேன், அவரும் பின்னாலேயே வந்துவிட்டார். படுக்கையறை அலமாரி நடுவில் கிடந்தது. அது நின்ற சுவர் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை கறுத்திருந்தது. பூஞ்சை. தில்மான் முகமூடி போட்டுக்கொண்டு மருந்து அடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட், புதுத் தூரிகை. எல்லாம் கடையில் வாங்கியவை. வினிகரைத் தவிர வேறெதையும் வைத்து இந்த வீட்டைத் துடைக்க விடாதவன்.

"ஒண்ணுமில்ல," என்றான். "கொஞ்சம் கறை."

நகத்தால் கீறினேன். பூச்சு ஈரமாக விரலோடு வந்தது.

"இது கறை இல்ல, தில்மான். வீட்டுக்காரர்கிட்ட சொல்லணும்."

"சொன்னா சுவரைக் கொத்திப் பூசச் சொல்வாரு. செலவை நம்ம தலையில கட்டுவாரு. பங்குக் காசு மொத்தமும் அதுக்கே போயிடும். பெயின்ட் அடிச்சிடலாம். மே மாசம் காலி பண்ணப் போறோம்."

"அடுத்து வர்றவங்க?"

"அவங்க ஹீட்டர் போடுவாங்க. தானா காஞ்சிடும்."

இதை அவன்தான் சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கத்த வாய் திறந்தேன். அதற்குள் ஃப்ராவ் போஸ்லர் குனிந்து சுவர் தரையைத் தொடும் இடத்தைப் பார்த்தார்.

"இதுக்குக் கீழ என் சமையலறை," என்றார்.

தரையை விரலால் தட்டினார்.

"அங்கயும் இருக்கு. கூரை மூலைல. ரெண்டு வருஷமா. நானே சுரண்டி நானே அடிக்கிறேன். பருப்பு வேகுற ஆவியாலன்னு நினைச்சு..." நிமிர்ந்தார். "அதுக்குப் பயந்து ரெண்டு வருஷமா நான் வீட்டுல பருப்பே வைக்கல, ஹெர் லோரென்ஸ்."

தில்மான் முகமூடியைக் கழற்றினான். தூரிகையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். பிறகு கீழே வைத்தான்.

நான் வீட்டுக்காரர் கீன்லெயின் எண்ணை அழுத்தி போனை அவனிடம் நீட்டினேன். அவர் நல்ல மனநிலையில் இருந்தார். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது.

"பழைய கட்டிடம், வடக்குச் சுவர். வரும், வரும். பயப்படாதீங்க, என் இன்சூரன்ஸ் பாத்துக்கும். அவங்க கேப்பாங்க, அதனால நானும் கேக்கறேன். வீட்டை எத்தனை டிகிரில வச்சிருந்தீங்க? பத்தொன்பது, இருபது இருக்குமில்ல?"

ஆமாம் என்றால் போதும். தில்மான் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. என் ஜன்னலை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று சொல்லிவிடமாட்டானா என்றுதான் இருந்தது. ஃப்ராவ் போஸ்லர் எதுவும் சொல்லவில்லை. அந்தக் குரல் சும்மா இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

"ஹீட்டரே போடல," என்றான் தில்மான். "மூணு குளிர்காலமா."

"கெட்டுப்போச்சா? சொல்லியிருக்கலாமே."

"இல்ல. நாங்கதான் போடல."

"பணக் கஷ்டமா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

கூட்டத்தில் நிறுத்தாமல் பேசியவனுக்கு வார்த்தை வரவில்லை.

"அது... ஒரு கொள்கை."

மறுமுனையில் பேனா கீறும் சத்தம் கேட்டது.

"சரி. உங்க கொள்கைக்கு என்ன விலை ஆகும்னு ஆள் அனுப்பிக் கேக்கறேன். கீழ்வீட்டையும் சேத்துத்தான்."

போன வருடம் வேறொரு வீட்டில் இதே வேலைக்கு ஆன தொகையையும் சொன்னார். பங்குத் தொகையில் பாதிக்கு மேல். தில்மான் நன்றி சொன்னான். எதற்கென்று தெரியவில்லை.

நான் அங்கேயே நின்று ரூடிகருக்குப் பேசினேன். கோடை வரை பொறுக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஸ்வென்யா, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. நாலு குடும்பம் நிக்குது. ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். அந்த விதியை எழுதினதே தில்மான்தானே. வேணா அவன்கிட்ட கேட்டுப் பாரு."

"பக்கத்துலதான் இருக்கான்," என்றேன்.

"கொடு, பேசறேன்."

தில்மான் தலையாட்டி மறுத்தான். நான் வைத்துவிட்டேன்.

ஃப்ராவ் போஸ்லர் பையைத் தோளில் மாட்டினார். "நான் போய்த் திறக்கறேன். நீங்களும் திறங்க. இனி என்னால தனியா எரிக்க முடியாது." படியில் இறங்கும் சத்தம் கேட்டது. கீழே குழாய்கள் சூடேறித் தட்டத் தொடங்கின.

தில்மான் படுக்கையறை ஹீட்டரின் கைப்பிடியைத் திருகினான். கடைசி எண்ணான ஐந்து வரை திருகினான். காதை வைத்துக் கேட்டான்.

"இடது பக்கம் திருப்பணும்," என்றேன்.

"தெரியும்."

"அப்ப ஏன் சூடு வரல?"

"தெரியல."

முன்னறைக்குப் போனான். அங்கும் திருகினான். சமையலறையிலும். இரும்பு எல்லா இடத்திலும் குளிர்ந்தே கிடந்தது. கைப்பிடிதான் திரும்பியது, உள்ளே எதுவும் அசையவில்லை. இத்தனை நாள் திறக்காததில் உள்ளே சிக்கிக்கொண்டிருக்க வேண்டும். அவன் மண்டியிட்டு, இரு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துத் திருகினான்.

"உடைச்சுடாத," என்றேன். "அதுவும் வீட்டுக்காரரோடது."

கையை எடுத்தான். தரையிலேயே உட்கார்ந்தான்.

"இதுக்கு யாரைக் கூப்பிடணும்?"

"கீன்லெயை."

போன் அவன் மடியில் கிடந்தது. குளிருக்கு நான் கோட்டைப் போட்டுக்கொண்டேன்.