நடுங்கியது கால் இல்லை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் காரைப் பட்டறையில் விட்டுவிட்டு வாசல் பெஞ்சில் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த பெண் சொன்னது. அவருக்கு அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. விழித்துக்கொண்டு கேட்டது பாதி. கண் சொருகிய நேரத்தில் நானாகச் சேர்த்துக்கொண்டது பாதி. எது எந்தப் பாதி என்று எனக்கே இப்போது பிடிபடவில்லை.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"பெட்ரோலைப் புகையாகத் தூவித் தரும் விரல் நீளக் கருவியே இன்ஜெக்டர்..." (கையேடு மாதிரி இருக்கிறது.)

"அன்று வானம்..." (வானத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.)

"டீச்சருக்குக் கோபம் வந்தது."

சரி, இதையே வைத்துக்கொள்வோம்.

2

டீச்சருக்குக் கோபம் வந்தது. பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுத்தருபவர். வயது முப்பத்தாறு. மூடிக்கிடந்த கிடங்குக்குப் பின்னால் ஒரு வெற்று மைதானம், தன் பக்கமும் ஒரு பிரேக் வைத்த பழைய சின்னக் கார், இவ்வளவுதான் அவருடைய பயிற்சிப் பள்ளி.

அன்று ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் ஒரு தையல்காரர். ஐம்பத்தெட்டு வயது. வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்த கணவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. கார் உறை போட்டபடி வாசலில் நின்றது. அதை எடுத்தே தீர்வது என்று கிளம்பி வந்தவர். அவர் கிளட்சிலிருந்து காலை மெதுவாக எடுத்தார். வண்டி உதறியது, நின்றது. அந்தக் காலையில் அது நாலாவது தடவை.

"டீச்சர், வண்டி நடுங்குது."

"வண்டி நடுங்கலம்மா. உங்க கால்தான் நடுங்குது."

"இல்ல, நான் காலை வைக்கறதுக்கு முன்னாடியே..."

"இன்னியோட பதினேழு நாள் ஆச்சு. சிலருக்கு இது வராதும்மா. வராததை ஏன் கட்டி இழுக்கணும்?"

தையல்காரர் சாவியை உருவி டீச்சரின் உள்ளங்கையில் வைத்தார். பையை எடுத்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே நடந்தார். வெயிலில் அவருடைய உருவம் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டே போனது. மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

(ஒரு சந்தேகம். அந்த அம்மா உண்மையிலேயே தையல்காரர்தானா, நான் தூக்கத்தில் தைத்த ஒட்டா? முப்பத்து மூன்று வருஷம் தையல் மெஷினின் மிதியை மயிரிழை பிசகாமல் அழுத்திய காலைப் பார்த்து நடுங்குகிறது என்று ஒருவர் சொல்வது... கதைக்கு வாகாக இருக்கிறதே என்றுதான் உறுத்துகிறது. இருக்கட்டும். அந்த வரியை அடித்துவிட மனம் வரவில்லை.)

3

இரண்டு வாரம் கழித்து, சிக்னலில் நின்றிருந்தபோது வண்டி டீச்சரின் காலடியிலேயே உயிரை விட்டது. மறுபடி கிளப்பினார். ஸ்டீயரிங் வழியாக ஒரு நடுக்கம் விரல்களுக்கு ஏறியது. அப்போதுதான் தன் வலது காலைக் கவனித்தார். அது யாரையும் கேட்காமல் ஆக்சிலரேட்டரைத் துளி அழுத்திக்கொண்டிருந்தது. எத்தனை நாளாகவோ அது அப்படித்தான் வண்டியை முட்டுக்கொடுத்து ஓட்டியிருக்கிறது. புதிதாகக் கற்றுக்கொள்பவர்களின் கால்களுக்கு அந்த ரகசியம் எப்படித் தெரியும்?

நேராகப் பட்டறைக்குப் போனார். இன்ஜெக்டர் வேலை மட்டுமே பார்க்கும் அந்த மெக்கானிக்குக்கு 'ஊசி டாக்டர்' என்று பட்டப்பெயர்.*

அவர் நாலு இன்ஜெக்டரையும் கழற்றி ஒரு சட்டத்தில் வரிசையாக மாட்டினார். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கண்ணாடிக் குழாய். பின்னால் நீல விளக்கு. சுவிட்சைத் தட்டியதும் குழாய்களுக்குள் பனி இறங்கியது. மூடுபனி விடிகாலையில் வயல்மேல் படிவதுபோல (வயல் எங்கிருந்து வந்தது?)... சத்தமே இல்லாமல், வெண்மையாக, கூம்பு கூம்பாக. டீச்சர் எதற்காக வந்தோம் என்பதையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது குழாயில் மட்டும் பனி இல்லை. சொட்டிக்கொண்டிருந்தது.

"மத்த மூணும் மூச்சு விடற மாதிரி விடுது. இது எச்சில் வடிக்குது பாருங்க," என்றார் ஊசி டாக்டர்.

"எத்தனை நாளா இப்படி இருக்கும்?"

"இது ஒரே நாள்ல அடைக்கற சமாச்சாரம் இல்ல. நாலஞ்சு மாசமாவது ஆகியிருக்கும். நாள் முழுக்க மைதானத்துல ஊர்ந்துக்கிட்டே இருக்கீங்க, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தறீங்க. நுனியில தங்கற பெட்ரோல் சூட்டுல காய்ஞ்சு பிசினாட்டம் பிடிச்சுக்கும். ஃபில்டர் எப்ப மாத்தினீங்க?"

டீச்சர் கூரையைப் பார்த்தார்.

"வாரத்துக்கு ஒரு நாள் நீளமான ரோட்டுல அரை மணி நேரம் நல்லா ஓட்டுங்க. ஃபில்டரை நேரத்துக்கு மாத்துங்க. நடுங்குச்சுன்னா அன்னிக்கே கொண்டாங்க. வண்டி சும்மா நடுங்காது."

"ஒருத்தங்க சொன்னாங்க," என்றார் டீச்சர். "நான்தான் காதுலயே போட்டுக்கல."

ஊசி டாக்டர் இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்யும் தொட்டியில் இறக்கினார். அது தேனீக்கூடுபோல ரீங்கரித்தது.

*தையலுக்கும் ஊசி, இங்கேயும் ஊசி. நான் வேண்டுமென்று செய்யவில்லை.

4

"மன்னிப்புக் கேட்கப் போன் பண்ணியிருக்கலாமே?" என்று பெஞ்சில் நான் கேட்டேன்.

"போன்ல என் மூஞ்சி தெரியாதே," என்றார் பக்கத்தில் இருந்த டீச்சர்.

அவர் தையல்காரரின் வீட்டுக்கே போன காட்சியை முதலில் இப்படி எழுதினேன்: தையல்காரர் டீச்சரைக் கட்டிக்கொண்டு அழ, இருவரும்... போதும். பிறகு இப்படி: கதவு படாரென்று சாத்தப்பட்டது... அதுவும் பொய். நடந்தது இதுதான்.

கதவைத் திறந்தவர் கணவர். முகத்தை வெகு அருகில் கொண்டுவந்து, "யாரு?" என்றார். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஆனால் தைத்துக்கொண்டிருந்த விளிம்பு முடியும்வரை நிறுத்தவில்லை.

"அம்மா, நடுங்கினது உங்க கால் இல்ல. வண்டிதான். நீங்க சொன்னதுதான் சரி. தப்பு என் மேல."

தையல்காரர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கணவர்தான் பேசினார்.

"தெனமும் காலை நீட்டி நீட்டிப் பார்த்துக்கிட்டிருந்தா. நரம்புல ஏதோ கோளாறுன்னு அவளே முடிவு கட்டிட்டா. நுணுக்கமான வேலை வந்தா வேணாம்னு திருப்பி அனுப்பிடறா. கை தப்பிடுமாம். எனக்குக் கண்ணு தெரியலைன்னாலும் மெஷின் சத்தம் தெரியும்மா. அது முன்ன மாதிரியேதான் ஓடுதுன்னு சொல்றேன், நம்ப மாட்டேங்கறா."

தன் ஒரு வாக்கியம் அந்த வீட்டுக்குள் இத்தனை தூரம் புகுந்து உட்கார்ந்திருக்கும் என்று டீச்சர் நினைக்கவில்லை.

கடைசியில் தையல்காரர் கேட்டார்: "என்னை மட்டும்தான் சொன்னீங்களா, இல்ல வேற யாரையாவதுமா?"

டீச்சர் அந்த நாலஞ்சு மாதங்களை மனசுக்குள் புரட்டினார். ஒரு தபால்காரர். குழந்தைப்பேறு முடிந்து வந்த ஒரு பெண். கல்லூரி வாத்தியார் ஒருவர். பாதியில் நின்றவர்கள் மொத்தம் ஏழு பேர். வராது என்று எல்லோரிடமும் அதே குரலில்தான் சொல்லியிருந்தார்.

"ஏழு பேர்."

"வீடு தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் இங்க நின்னு என்ன பண்றீங்க?"

சொல்லிவிட்டு மெஷின்மேல் துணியைப் போர்த்தினார். "கதவைத் தாப்பாப் போட்டுக்கங்க, வர்றேன்," என்று கணவரிடம் சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு டீச்சருக்கு முன்னால் தெருவில் இறங்கினார். வண்டியை டீச்சர் அணைக்காமலே விட்டிருந்தார். மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ என்ற பயம் இன்னும் போகவில்லை. தையல்காரர் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். தூங்கும் குழந்தையின் முதுகில் வைப்பதுபோல வெகுநேரம் வைத்திருந்தார். உள்ளே எல்லாம் ஒரே சீராக இருந்தது. பிறகு கையை எடுத்துவிட்டு, கதவைத் திறக்க...

5

"டீச்சர், ஃபில்டர் மாத்தியாச்சு, வண்டியை எடுக்கலாம்!" என்று உள்ளேயிருந்து ஊசி டாக்டர் குரல் கொடுத்தார். பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய்விட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் கார் சாலையில் கலந்துவிட்டது.

எந்தக் கதவு? ஓட்டுநர் பக்கமா, மறுபக்கமா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் நான் சொன்னதுபோல்தான் இருக்கிறது, நடந்ததுபோல் இல்லை. அதனால் இடத்தைக் காலியாக விடுகிறேன். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். தையல்காரரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைப்பதாக இருந்தால், வண்டி முதல் தடவையே வழுக்கிக்கொண்டு கிளம்பியதாக எழுதிவிடாதீர்கள். சுத்தமான வண்டியும் புதிய காலுக்கு நிற்கத்தான் செய்யும். ஒரு தடவை நிற்கட்டும். நின்ற பிறகு, பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள்.