கோச் தங்கராஜுவின் காலணிப் பூசை

குருபோங் வட்டாரப் பொதுமக்களுக்கும், மலாக்கா மாநிலத்தின் ஏனைய பெருமக்களுக்கும், செய்தி தாமதமாகப் போய்ச் சேரும் வெளிநாட்டவர்க்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: கோச் தங்கராஜு புதிய காலணி வாங்கிவிட்டார்.

அறிவிப்பு வெளியானது ‘குருபோங் சிறுத்தைகள்’ என்ற ஓட்டக் குழுவின் வாட்சப்பில். வெளியிட்டவரும் தங்கராஜுதான். கூடவே படங்கள். காலணி முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம், பெட்டிக்குள், பெட்டிக்கு வெளியே, கடைசியாகக் காலணியை மார்போடு அணைத்தபடி தங்கராஜு. பிறந்த பிள்ளையைக்கூட யாரும் இத்தனை கோணத்தில் எடுத்திருக்க மாட்டார்கள்.

குழுவிலிருந்து ஒரே ஒரு பதில் வந்தது. தங்கராஜுவின் மனைவி ராகினியின் தம்பி, லோரி ஓட்டும் சாமிக்கண்ணு எழுதியிருந்தான்: “தாயும் சேயும் நலமா மாமா?”

தங்கராஜு அதைக் கண்டுகொள்ளவில்லை. வரலாறு படைப்பவர்களைப் பார்த்து லோரிக்காரர்கள் சிரிப்பது புதிதல்ல.

அவருடைய வரலாற்றையும் கொஞ்சம் சொல்லிவிடுவது நல்லது. ஐம்பதைத் தாண்டிய மனிதர். குருபோங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். அங்கே எல்லாரும் அவரை ‘போஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் போத்தல் கொண்டு வருபவனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கோயில் நிர்வாகத் தேர்தலில் ஒரு முறை நின்றார். பந்தியில் ரசம் ஊற்றும் பொறுப்பு கிடைத்தது. வீட்டில் அவர் பெயர் ‘இந்தாங்க’. இப்படி இருந்தவர், மூன்று வருடத்துக்கு முன்பு மருத்துவர் இனிப்பு நீர் வியாதியைக் காட்டிப் பயமுறுத்தியதும் ஓட்டக் குழு தொடங்கினார், தொடங்கிய கையோடு தன்னைத் தானே கோச்சாக நியமித்துக்கொண்டார். அதன் பிறகு தாமான் குடியிருப்பு முழுக்க அவர் கோச். சாப்பாட்டுக்கடையில் அவர் தலை தெரிந்ததுமே “கோச்சுக்கு ஒரு தே ஓ கோசோங்!” என்று, பாலும் சீனியும் இல்லாத தேநீருக்கு உள்ளே குரல் போகும். அந்த ஒரு குரலுக்காகத்தான் அவர் விடிகாலையில் எழுந்தார். ஓடுவதற்காக என்று நினைத்தால் அது உங்கள் தவறு.

அந்தப் பதவிக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

கிளேபாங் கடற்கரையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று அறிவித்திருந்தார்கள். பசியாறும்போது பேச்சு அதில் வந்து நின்றது. சாமிக்கண்ணு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான், “மாமா, ஒண்ணு செய்வோமா? நம்மாளுங்கள்ல யாரு மொதல்ல வர்றாங்களோ, அவங்கதான் இனிமே கோச்.”

“நல்லாருக்கே லா!” என்று சிரித்தாள் புனிதா. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருப்பவள். குழுவில் உண்மையாகவே ஓடுகிற இரண்டு மூன்று பேரில் ஒருத்தி.

அவர்கள் அத்தோடு அதை மறந்துவிட்டு, குழம்பில் மீனைக் காணோம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார்கள். தங்கராஜு மறக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார். “சம்மதம்,” என்றார், போர்க்களத்தில் சொல்வது போல. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து பயிற்சி தொடங்கியது. பயிற்சி என்றால் கொள்முதல்.

முதலில் பாதத்தை நனைத்துப் பழைய நாளிதழில் அழுத்திப் பார்த்தார். வளைவு இருக்க வேண்டிய இடத்தில் வளைவு இல்லை. இரண்டு தோசை விழுந்திருந்தது. “அபூர்வமான பாதம்,” என்று ராகினியிடம் சொன்னார். அபூர்வமான பாதத்துக்கு இறுக்கமான காலுறை வந்தது. நெஞ்சுத் துடிப்பு சொல்லும் கைக்கடிகாரம் வந்தது. இடுப்பில் கட்டும் தண்ணீர்ப் பட்டை, வியர்வையை உறிஞ்சும் தொப்பி, பிதுக்கிச் சாப்பிடும் சக்திக் கூழ், கூழ் தொண்டையில் நிற்காமல் இருக்க இன்னொரு கூழ். இவை அனைத்தையும் மாட்டிக்கொண்டு அவர் பாடாங் திடலில் நின்றால், நிலவுக்குப் போகக் கிளம்பியவர் பஸ்ஸைத் தவறவிட்டது போல் இருக்கும்.

இத்தனையில் ஏதாவது ஒன்று தினமும் வீட்டில் தங்கிவிடும். கூடத் துணைக்கு வரும் ராகினிக்கு அதுதான் சிக்கல்.

“ராகினி, தொப்பிய மறந்துட்டேன்.”

“போய் எடுத்துட்டு வாங்க.”

“நான் போனா உடம்பு சூடு ஆறிடும். இப்பத்தான் இரண்டாம் மண்டலத்துக்கு வந்திருக்கேன்.”

“எந்த ஊரு அது?”

“நெஞ்சுத் துடிப்பும்மா. ஓடிப் போய் எடுத்துட்டு வா. கடிகாரத்த நிறுத்தி வச்சிருக்கேன்.”

வீட்டுக்கும் பாடாங்குக்கும் ஒரு கட்டை தூரம், முழுசாக ஒரு மைல். காடியில், அதாவது காரில், வரக் கூடாது, வார்ம்-அப் கெட்டுவிடும் என்பது கோச்சின் சட்டம். ஆகவே மகள் பள்ளிக்கூடம் முடித்தபோது விட்டுவிட்டுப் போன கறுப்புக் காலணியை மாட்டிக்கொண்டு ராகினி ஓடுவாள். தொப்பியோடு வந்தால் கூழ் இருக்காது. கூழோடு வந்தால் காலுறை மாறியிருக்கும். அடுப்பில் சோறு இருக்கும் அவசரம் வேறு. வந்து சேரும்போது கோச் மரத்தடியில் நின்று, ஓட்டத்தில் அடி வைக்கும் கணக்கான கேடன்ஸ் என்றால் என்ன என்று யாருக்காவது விளக்கிக்கொண்டிருப்பார். விளக்கம் அருமையாகத்தான் இருக்கும். இப்படியே மாதங்கள் ஓடின. மாதங்களோடு ராகினியும் ஓடினாள்.

கடைசியாக வந்ததுதான் இந்தக் காலணி. உள்ளே கார்பன் தகடு. அடியில் மூன்று விரல் உயரத்துக்கு நுரை மெத்தை. “முட்டை மேல ஏறி நிக்கலாம் அங்கிள், உடையாது,” என்று கடைக்காரப் பையன் சொல்லியிருந்தான். தங்கராஜுவுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பெரிய பொருளைப் பூசை போடாமல் சாலையில் இறக்குவதா?

ஓட்டத்தன்று விடியும் முன்பே காடி கிளம்பியது. தங்கராஜு, ராகினி, சாமிக்கண்ணு, புனிதா. வழியில், பழைய தோட்டத்து ஓரமாக இருந்த மாரியம்மன் கோயிலில் நிறுத்தச் சொன்னார். பூசாரி அப்போதுதான் கதவைத் திறந்திருந்தார். புதுக் காடிக்கும், லோரிக்கும், ஒரு முறை மண் வாரும் எந்திரத்துக்கும் பூசை போட்ட அனுபவசாலி. பெட்டியைத் திறந்து பார்த்தவர், வாசலில் இருந்த போர்டைத் திரும்பிப் பார்த்தார்.

“அண்ணே, இத வாசல்ல கழட்டி வைங்கன்னுதான் போர்டு போட்டிருக்கோம். கும்பிடுங்கன்னு போடல.”

“காடிக்கு வெளிய வச்சுத்தானே பண்றீங்க சாமி? காடி ரோட்டுல ஓடுது. இதுவும் ரோட்டுல ஓடுது. ரோட் டேக்ஸ்தான் இல்ல.”

“எஞ்சின்தான் பழசு சாமி, கொஞ்சம் பொகையும்,” என்றான் சாமிக்கண்ணு.

பூசாரி யோசித்தார். வாதத்தில் ஓட்டை தெரியவில்லை. ஓட்டை தேடிக்கொண்டிருந்தால் காலைப் பூசைக்கு நேரமாகிவிடும். கேட்டுக்கு வெளியே, தார்ச் சாலை ஓரத்தில் காலணியை வைத்துச் சந்தனம் இட்டார், குங்குமம் வைத்தார், கற்பூரம் காட்டினார். பிறகு இரண்டு எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்து, “மாட்டிக்கிட்டு மிதிங்க. நசுங்கணும். நசுங்கினாத்தான் திருஷ்டி கழியும்,” என்றார்.

தங்கராஜு கிழக்கு நோக்கி நின்று, அம்மனை நினைத்து, வலது காலை எலுமிச்சை மேல் அழுத்தினார். பழம் நுரைக்குள் பதவிசாக அமுங்கியது. காலை எடுத்தார். பழம் முழுசாக இருந்தது.

“நல்லா மிதிங்கண்ணே.”

நன்றாக மிதித்தார். பழம் உள்ளே போனது, வெளியே வந்தது. காலணி தன் கடமையைச் செய்தது. முட்டையையே காப்பாற்றும் மெத்தை, எலுமிச்சையை விட்டுக்கொடுக்குமா?

“ரிவர்ஸ் எடுத்துப் பாருங்க மாமா,” என்றான் சாமிக்கண்ணு.

“சிரிக்காதீங்க லா, சகுனம்,” என்று புனிதா சொன்னாள், சிரித்துக்கொண்டே.

பூசாரியின் முகம் கறுத்தது. “மண்ணு வார்ற எந்திரத்துக்குக்கூட இப்படி ஆனதில்ல. நசுங்காம போனீங்கன்னா, அப்பறம் என்னைய கேக்கக் கூடாது.”

“இந்தாங்க, வாங்க போலாம்,” என்றாள் ராகினி. “பழம்தானே? எடுத்துட்டுப் போயி ஊறுகா போட்டுடலாம்.”

ஆனால் தங்கராஜுவின் கண்ணுக்கு அது பழமாகத் தெரியவில்லை. அதற்குள் அவருடைய பதவி இருந்தது. மூன்றடி பின்னால் போனார். இரண்டு கையையும் விரித்தார். “தாயே!” என்று கத்தியபடி ஓடி வந்து, இரண்டு காலாலும் ஒரே குதி.

பழம் உருண்டது. தங்கராஜுவின் வலது கால் அலோர் காஜா பக்கமும் இடது கால் பட்டணத்துப் பக்கமும் புறப்பட்டன. நடுவில் இருந்த அவர் எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்வதற்குள் தரை வந்துவிட்டது. வலது கணுக்கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொழுக்கட்டை போல் வீங்கியது.

பூசாரி குனிந்து பார்த்தார், எலுமிச்சம்பழத்தை. “ஒரு கீறல்கூட இல்ல,” என்றார் மரியாதையோடு.

கிளேபாங்கில் இளநீர் ஷேக் விற்கும் கடை ஒன்றில் தங்கராஜுவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, காலுக்கு இன்னொரு நாற்காலி போட்டு, கடைக்காரம்மா தந்த பனிக்கட்டிப் பையை வைத்துக் கட்டினார்கள். சந்தனம் இட்ட காலணி அவர் மடியில் இருந்தது. ஓட்டம் தொடங்கக் கொஞ்ச நேரமே இருந்தது. ஓடாமல் விட்டால் முடிவுப் பட்டியலில் தன் பெயரே இருக்காது. பெயரே இல்லாதவர் எப்படிக் கோச்சாக இருப்பார்? அந்த நினைப்பிலேயே அவருக்கு ஒரு மகத்தான யோசனை உதித்தது.

“ராகினி, என் நம்பர நெஞ்சுல குத்திக்க. அதுக்குள்ள சிப்பு இருக்கு. சும்மா நடந்து போய்ட்டு வா. அந்தக் கோட்ட என் நம்பர் தாண்டினாப் போதும், மானம் மிஞ்சும்.”

“நடந்தா எவ்வளவு நேரமாகும்?”

“ரெண்டு மணி நேரம் ஆகட்டும், பரவால்ல.”

“ரெண்டு மணி நேரமா?” ராகினி திடுக்கிட்டாள். “அப்பறம் கோலா சுங்கை பாரு மீன் துறைக்குப் போனா கருவாடுதான் கெடைக்கும். படகு வந்து மீனெல்லாம் வித்துத் தீந்துடும்!”

சொல்லிக்கொண்டே எண்ணைக் குத்திக்கொண்டாள். கறுப்புப் பள்ளிக் காலணியின் கயிற்றை இறுக்கினாள். துப்பாக்கி வெடித்ததும் அவள் போன வேகத்தைத் தங்கராஜு பார்க்கவில்லை. பக்கத்து மேசைக்காரருக்குத் தன் காலணியின் கார்பன் தகட்டைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

விளக்கம் இரண்டாம் சுற்றில் இருந்தபோது, முடிவுக் கோட்டுப் பக்கம் ஒலிபெருக்கி மலாயில் வாழ்த்தி அலறியது. “தாஹ்னியா, என்சிக் தங்காராஜூ!” பிறகு அறிவிப்பாளர் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். ஒலிபெருக்கி கொஞ்சம் இருமியது. “ஏ... புவான் தங்காராஜூ!” ஒரே இருமலில் ‘திரு’ ‘திருமதி’ ஆகிவிட்டார்.

சிறுத்தைகளில் முதலாவதாக வந்திருந்தாள் ராகினி. மூச்சு சற்றே வாங்கியது. வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “காடிச் சாவி எங்க?”

பின்னால் புனிதா வந்தாள். அவளுக்கும் பின்னால், நாக்கு தொங்க, சாமிக்கண்ணு. வழக்கு கடை முன்னாலேயே தொடங்கியது.

“நம்பரு மாமாவோடது. அதனால மாமாதான் ஜெயிச்சாரு,” என்றான் சாமிக்கண்ணு.

“காலு அக்காவோடது,” என்றாள் புனிதா. “எப்படிக்கா இப்படி ஓடுறீங்க? என்ன ட்ரெய்னிங்?”

“ட்ரெய்னிங்கா? இவரு மறந்துட்டு வருவாரு, நான் போய் எடுத்துட்டு வருவேன். ஒரு நாளைக்கு மூணு தடவ, நாலு தடவ.”

“பாத்தியா, என் பயிற்சி முறை!” என்று நாற்காலியிலிருந்து குரல் எழுந்தது. யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

“அப்ப அக்காதான் கோச்,” என்றாள் புனிதா.

தங்கராஜு கண்ணை மூடிக்கொண்டார். சாப்பாட்டுக்கடையில் இனி வெறும் ‘ஒரு தே ஓ கோசோங்’ என்று குரல் போகும். அல்லது குரலே போகாது. அவரே எழுந்து போய் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். மடியிலிருந்த காலணியை இறுக்கிப் பிடித்தார். விடைபெறும் உரை ஒன்று தானாகவே நெஞ்சில் திரண்டது. “என் அன்புச் சிறுத்தைகளே,” என்று தழுதழுத்தார். “பதவி என்பது தோளில் போடும் துண்டு போன்றது. கொள்கை என்பது...”

“எனக்கெதுக்குக் கோச்சு?” என்றாள் ராகினி. “வீட்டுல வேல கெடக்கு. நீயே இரு புனிதா.”

“ஐயோ, விடியக்காலைல எல்லாரையும் போன் அடிச்சு எழுப்பணும். டி-சட்ட சைசு கேட்டுக் கேட்டு எழுதணும், அப்பறம் பத்தலன்னு திட்டு வாங்கணும். நான் மாட்டேன்லா. சாமிண்ணே?”

“எனக்கு லோரி இருக்கும்மா,” என்றான் சாமிக்கண்ணு. “அக்கா, மீனுக்குப் போறதுன்னா நானும் வரேன், இறாலு இருந்தா வாங்கணும்.”

மூவரும் காடியை நோக்கி நடந்தார்கள். பாதி வழியில் ஞாபகம் வந்து, சாமிக்கண்ணு மட்டும் திரும்பி வந்து தங்கராஜுவின் கையைத் தோளில் போட்டுத் தூக்கினான். அவர் இன்னும் கொள்கையில்தான் இருந்தார்.

தங்கராஜு இன்றும் கோச்சாகத்தான் இருக்கிறார். அந்தப் பதவியை வேறு யாரும் கேட்கவில்லை.