குங்கிலியம் பூசிய நகங்கள்

"கயிறு அறுந்தா?" என்று கேட்டாள் றோஸ்மேரி.

தன்னை மாடியிலிருந்து இறக்கப்போகிற அந்தப் பெட்டிக்குப் பலகை அறுத்த நாளிலிருந்து அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அவள் புருஷன் யாக்கோப்பர் தோணி கட்டுகிறவர். தோணி மேலிருந்து விழுவதில்லை, மிஞ்சினால் தாழும்.

வாவிக்கரையில் நின்ற அந்த மாடிவீடு றோஸ்மேரிக்குத் தாய் கொடுத்த சீதனம். கீழ்த்தட்டில் யாக்கோப்பரின் பலகைகளும் உளிகளும் கிடக்கும். மாரி வந்தால் வாவியும் வந்து கிடக்கும். ஆகவே படுக்கை, சமையல் எல்லாம் மேலேதான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து போன கையோடு அவளுடைய கால்கள் இரண்டும் விளங்காமல் போயின. டொக்டரிடம் கொண்டுபோக நாலு பேர் கதிரையோடு தூக்கினார்கள். படி திரும்புமிடத்தில் ஒருவனுடைய கால் வழுக்கியது. ஐந்து படி உருண்டாள். எலும்பு முறியவில்லை, மனம் முறிந்துவிட்டது. "இனி ஒருத்தர்ட கையையும் நம்பி இறங்கமாட்டன்" என்றவள், பூசைக்குக்கூட இறங்கவில்லை. சுவாமியார்தான் மாதத்துக்கு ஒரு தரம் நற்கருணையோடு படியேறி வந்தார்.

இப்போது மகள் ஞானமலருக்கு வருகிற புதன்கிழமை கோயிலில் கலியாணம். தாய் மாடியில் இருக்க மகள் தாலி ஏற்பதா? அந்த நினைப்பே யாக்கோப்பரைத் தூங்கவிடவில்லை. அதற்காகத்தான் மண்டூரிலிருந்து நல்லரத்தினத்தைக் கூட்டி வந்தார். துறையில் பஸ்ஸையும் வண்டிலையும் ஏற்றி வாவியைக் கடக்கிற ‘பாதை’ என்ற மிதவையின் வடம், கப்பி, வின்ச் எல்லாம் அவர் கைக்குள் அடக்கம்.

"கயிறு அறுந்தாலும் பெட்டி விழாது அக்கா" என்றார் நல்லரத்தினம். "வின்ச்சில ஒரு பூட்டு இரிக்கி. கைபிடிய விட்டாலும் அது பின்னுக்குச் சுத்தாது. அதுவும் போய், கயிறும் போனா, மறுகா இந்த நகம் ரெண்டும் இரிக்கி."

பெட்டியின் இரு பக்கமும் இரண்டு முதிரை மரத் தூண்கள். தூண்களில் மேலிருந்து கீழ்வரை மரம் அறுக்கிற வாளின் பல் போல வெட்டிய இரும்புப் பட்டை. பெட்டியின் அடியில் இரண்டு இரும்பு நகங்கள். கயிறு விறைப்பாக இருக்கும்வரை அது நகங்களை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும். கயிறு தளர்ந்த கணமே, லொறியில் கழற்றிய வில்லுத்தகடு அவற்றை வெளியே உதைத்துப் பல்லில் மாட்டிவிடும்.

"ஒண்ட மட்டும் நம்பினா அது கைவிடும். அதுக்குத்தான் ரெண்டு."

றோஸ்மேரி முன்னாள் கணக்கு வாத்தியார். வாய்ப்பேச்சுக்கு அவளிடம் புள்ளி கிடையாது. "அப்ப அறுத்துக் காட்டுங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலை இரண்டு மூடை நெல்லைப் பெட்டியில் ஏற்றி மாடி மட்டத்துக்கு உயர்த்தினார்கள். மேல்வாசலில் கதிரை போட்டு றோஸ்மேரி இருந்தாள், பக்கத்தில் ஞானமலர். பெட்டிக்கும் கம்பிவடத்துக்கும் நடுவே முடிந்திருந்த ஒரு முழப் பழங்கயிற்றை நல்லரத்தினம் கத்தியால் ஒரே வெட்டு வெட்டினார்.

பெட்டி நிற்கவில்லை. நேரே போய்க் கீழே மோதியது. வீடு அதிர்ந்தது. மூடை வெடித்து, நெல் தோணிப் பலகைகளுக்குள் எல்லாம் சிதறியது.

மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அழுகை கேட்டிருந்தால்கூட யாக்கோப்பர் தாங்கியிருப்பார்.

நல்லரத்தினத்தின் முகம் செத்துப்போயிற்று. "வெள்ளிக்கிழமை நான் கையால இழுத்துப் பார்த்தன் அண்ண, வெட்டுக்கிளி மாதிரி உதைச்சிது. இண்டைக்கு என்ன வந்திதெண்டு தெரியல்ல. என்னால உங்களுக்கு அவமானம். நான் போறன்." அவர் வேலை ஆயுதங்களைச் சாக்கில் போடத் தொடங்கினார்.

யாக்கோப்பர் சரிந்து கிடந்த பெட்டியின் அடியில் குனிந்தார். நகங்களின் மூட்டில், வில்லுத்தகட்டின் இடுக்கில், தேன் நிறத்தில் பளபளவென்று ஒரு பூச்சு இறுகிக் கிடந்தது. விரலால் தொட்டார். கல்லாயிருந்தது.

வாவிக்கரை இரும்பை உப்புக் காற்று ஒரே மாரியில் தின்றுவிடும். யாக்கோப்பரின் கைக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: குங்கிலியப் பிசினை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவது. முப்பது வருடமாக எந்தத் தோணியையும் அவர் அது பூசாமல் தண்ணீரில் இறக்கியதில்லை. சனிக்கிழமை நல்லரத்தினம் முருகனைக் கும்பிட மண்டூருக்குப் போயிருந்தபோது, மனைவி ஏறப்போகிற பெட்டியாயிற்றே என்று, அதைக் கயிற்றில் தொங்கவிட்டு, ஒன்றுக்கு இரண்டு பூச்சாக, பாசத்தோடு பூசினார். நகத்துக்குக் கொஞ்சம் கூடவே பூசினார். தோணியின் ஓட்டையை அடைக்கிற சாமான், உயிர் காக்கிற நகத்தையும் அடைத்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

சொல்லாமல் விடலாம். மண்டூர்க்காரனின் வேலை பிசகிவிட்டது என்றே ஊர் பேசும். ஒரு மூச்சு நேரம் அந்த எண்ணமும் அவருக்கு வந்து போனது, பொய் சொல்வானேன்? ஆனால் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்த அந்த மனிதனின் குனிந்த தலையைப் பார்த்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நில்லுங்க தம்பி. பிழை உங்கட இல்ல. நான்தான் பூசினன்."

நல்லரத்தினம் வந்து பார்த்தார். சுரண்டிப் பார்த்தார். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு நெல்லின் மேலேயே இருந்துவிட்டார். "அண்ண, இது ஆத்தில விடுற தோணியா? நகமெண்டா அசையோணும். நீங்க அதுக்கு விலங்கு போட்டிரிக்கீங்க." திட்டத்தான் தொடங்கினார். பாதியில் சிரிப்பு முந்திக்கொண்டது.

அன்று பின்னேரம் முழுவதும் இருவரும் மண்ணெண்ணெய் ஊற்றிச் சுரண்டினார்கள். உடைந்த பலகைகளை யாக்கோப்பர் மாற்றினார். செவ்வாய் காலை பெட்டி மறுபடியும் மேலேறியது. மேல்வாசல் கதவு சாத்தியே கிடந்தது.

நல்லரத்தினம் புது மூடையை இழுத்து வந்தார். யாக்கோப்பர் கையை நீட்டி மறித்தார். "நெல்லுக்கு என்ன, வெடிச்சா அள்ளலாம். அவள் நெல்லப் பார்த்து நம்பமாட்டாள்."

படியேறிப் போய்க் கதவைத் தட்டி, "றோஸ்மேரி, ஒருக்காத் திறந்து பார்" என்றார். ஞானமலர் திறந்தாள். தாயும் மகளும் பார்த்துக்கொண்டிருக்க அவர் பெட்டிக்குள் காலை வைத்தார்.

"விசர் வேலை பார்க்காதீங்க! இறங்குங்க!" றோஸ்மேரி கத்தினாள்.

"வெட்டுங்க தம்பி."

கயிறு அறுந்தது. அந்தோனியாரைக் கூப்பிட வாயெடுத்தார், பெயர் வரவில்லை. அதற்குள் "டக்" என்று ஒரு சத்தம். நகங்கள் இரும்புப் பல்லில் மாட்டிக்கொண்டன. பெட்டி நின்றுவிட்டது.

கண்ணைத் திறந்தார். நாலு விரல் இறங்கியிருந்தார், அவ்வளவுதான். எதிரே றோஸ்மேரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது அவருக்கு.

புதுக்கயிறு முடிந்து தூக்கினால்தான் நகம் விடும். அதுவரை நல்லரத்தினம் அவரை அசையவிடவில்லை. அரை மணித்தியாலம் யாக்கோப்பர் பெட்டிக்குள் குந்தியிருந்தார். ஞானமலர் தேத்தண்ணி ஊற்றி வந்தாள். றோஸ்மேரி குனிந்து அதை அவர் கையில் கொடுத்தாள்.

"சனிக்கிழமையே குங்கிலியம் மணந்திது. தோணிக்கு எண்டு நினைச்சன்" என்றாள். "நீங்க தம்பியிட்டச் சொன்னது மேல கேட்டிது. சொல்லாம விட்டிருந்தா ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்தானே."

அவள் கண்ணைத் துடைத்தாள். "மகள்ட கலியாணத்துக்கு அந்த நீலச் சீலைதான் உடுப்பன். எடுத்து வைக்கச் சொல்லுங்க."

புதன் காலை வின்ச்சைத் தானே சுற்றுவதாக யாக்கோப்பர் அடம்பிடித்தார். வெள்ளைச் சட்டையோடு கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே முக்காட்டோடு ஞானமலர். பெட்டி அங்குலம் அங்குலமாக இறங்கியது. பூட்டு இருந்தது, நகம் இருந்தது, தேற்றாத்தீவிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். இருந்தும் யாக்கோப்பரின் கை கைபிடியை நெரித்தது. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது.

பாதி வழியில் பெட்டிக்குள்ளிருந்து றோஸ்மேரியின் குரல் வந்தது. பழைய வாத்தியாரம்மாவின் குரல்.

"ஏன் இப்படி நடுங்குறீங்க? நீங்க கைய விட்டாலும் நான் விழமாட்டன்."